அலெக்சாந்த்ரோவ்கா என்று ரஷ்யாவில் எத்தனை ஊர்? அப்பாவின் தோழி இருந்தது எதில்?

எர்ணாவூர் மகள் கேட்கிறார்:

வணக்கம். ரஷ்யாவில் இருந்தவர்கள், தபால் இலாகாவில் வேலை பார்த்தவர்கள், பழைய முகவரி படிக்கத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் பதில் போடுங்கள். நீளமாகத்தான் எழுதப் போகிறேன். அரைகுறை விவரத்தோடு தேடியே ஏழு மாதம் போய்விட்டது.

எங்கள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். 1983-ல் யூனியன் நண்பர் ஒருவர் கொடுத்த முகவரிக்கு எழுதி, ரஷ்யாவில் ஒரு பேனா நண்பர் கிடைத்தார். கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் அம்மா. அப்பாவுடையது இரவுப் பள்ளி ஆங்கிலம். ஒரு கடிதம் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆகும். மடியில் அகராதி இருக்கும். நாங்கள் சத்தம் போடக் கூடாது. 1991 வரை அந்த அம்மாவிடமிருந்து 23 கடிதங்கள் வந்தன. அப்புறம் நின்றுவிட்டது.

அந்தக் கடிதங்களில் பெரிய விஷயம் எதுவும் கிடையாது. உருளைக்கிழங்கு எடுத்தாயிற்று, குளம் உறைந்துவிட்டது, அக்டோபரில் சர்க்கரைக்கிழங்கு ஏற்றிய லாரிகள் போய்ப் போய் ரோடெல்லாம் சேறு, இப்படித்தான். பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம், அதில் தானிய மூட்டை அடுக்கியிருக்கிறார்கள் என்று ஒன்றில் இருக்கிறது. இன்னொன்றில், அப்பா கிரேன் ஓட்டுகிறார் என்று வகுப்பில் படித்துக் காட்டியதும் பிள்ளைகள் கொக்கை எப்படி ஓட்ட முடியும் என்று கேட்டார்களாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் அல்லவா? அப்பா அடுத்த ஞாயிறு துறைமுகக் கிரேனைப் பென்சிலால் வரைந்து அனுப்பினார். உட்காரும் கூண்டுக்குள் சின்னதாகத் தன்னையும் வரைந்தார்.

அப்பா போன தை மாதம் இறந்துவிட்டார். கடைசி வருடங்களில் அடிக்கடி, "அந்த டீச்சருக்கு ஒரு வார்த்தை எழுதணும்" என்பார். நான் எழுதவில்லை. அந்த அம்மாவுக்கு இப்போது எண்பது இருக்கும். அவர் இல்லாவிட்டாலும் அவர் வகுப்பில் படித்த யாராவது இருப்பார்கள். அப்பா இறந்த செய்தியையும் அந்த 23 கடிதங்களின் நகலையும் அந்த ஊருக்கு அனுப்ப வேண்டும்.

கடிதங்களின் தலையில் "அலெக்சாந்த்ரோவ்கா" என்று ஊர் பெயரும் தேதியும் மட்டும்தான். தபால்தலைக்காக உறைகளை அப்பா தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். முகவரி எழுதிய டைரி 2023 டிசம்பர் வெள்ளத்தில் போயிற்று. அந்த முறை எங்கள் பக்கம் வந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். தகரப் பெட்டியின் அடியில் இருந்ததெல்லாம் கருத்துவிட்டது.

மிச்சம் ஒரே ஒரு உறை. அந்த அம்மா தன் முகவரியைத் தானே ரஷ்ய எழுத்தில் எழுதி, அப்பாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று ஒரு கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய வெற்று உறை. அதில் மேல் பாதியில் எண்ணெய்க் கறை. கடைசி வரி நன்றாகத் தெரிகிறது. அதைத்தான் ஊர் என்று நினைத்து நாலு மாதம் தேடினேன், ஒன்றும் வரவில்லை. பிறகு "அலெக்சாந்த்ரோவ்கா" என்று தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்தது. வரைபடத்தில் எங்கே தொட்டாலும் ஒரு அலெக்சாந்த்ரோவ்கா.

எங்கள் பக்கமும் இப்படித்தான். அப்பாவின் மருந்துப் பார்சல் ஒருமுறை வேறொரு காமராஜ் நகருக்குப் போய், மூன்று நாள் கழித்து வந்தது. ஒரு பெயரில் பத்து ஊர் இருந்தால் அந்த நாட்டுக்காரர்கள் எப்படிப் பிரித்துச் சொல்வார்கள்? அது தெரிந்தால் எனக்கு வழி கிடைக்கும்.

தண்டையார்பேட்டை ஆர்.எம்.எஸ். (ஓய்வு):

அம்மா, அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் 31 வருடம் ரயிலில் தபால் பிரித்தவன். ஒரே பெயர் ஊர்கள்தான் எங்கள் தினப்படி வேலை. புதூர் என்று மட்டும் எழுதிப் போட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டில் எந்தப் புதூர் என்று சொல்வது? அதனால்தான் நம் முகவரியில் கிராமம், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் என்று படிப்படியாக எழுதச் சொல்வது. இதில் "அஞ்சல்", "வழி" என்ற இரண்டையும் இப்போது எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். நான் கடிதம் சேர்த்ததெல்லாம் அந்த இரண்டை வைத்துத்தான்.

1972 ஆகஸ்ட் 15 அன்று நமக்கு பின்கோடு வந்தது. ஆறு இலக்கம். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்று 600 என்றால் சென்னை. கடைசி மூன்று எந்த அஞ்சலகம் என்று சொல்லும். திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057. சோவியத்திலும் எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஆறு இலக்கம்தான், அங்கேயும் முதல் மூன்று வட்டாரம், கடைசி மூன்று அஞ்சலகம். ஆகவே ஊர் பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்து சோவியத் முகவரி நம்முடையதற்குத் தலைகீழ். நாடு, மாகாணம், மாவட்டம், ஊர் என்று மேலிருந்து கீழே இறங்கி, ஆள் பெயர் கடைசியில் வரும். வெளிநாட்டுத் தபால் பிரிக்கும் பிரிவில் இருந்த நண்பர் இதைச் சொல்லி எனக்குப் பழக்கம். நீங்கள் ஊர் என்று தேடியது அந்த அம்மாவின் பெயரை.

உறையில் ஒன்று பாருங்கள். வாசல் நிலை மாதிரி ஒரு எழுத்து, அப்புறம் ஒரு சாய்கோடு, அப்புறம் ஒரு வட்டம். இது எங்காவது இருக்கிறதா? அதுதான் அவர்களுடைய "அஞ்சல்". சின்ன ஊராக இருந்து, தபாலாபீஸ் பக்கத்து ஊரில் இருந்தால் அந்த ஊர் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். அது இல்லையென்றால் தபாலாபீஸ் அந்த ஊரிலேயே இருந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு தகவல்தான்.

கொடுங்கையூர் மருமகள்:

எனக்கு ரஷ்யா தெரியாது அக்கா, ஆனால் நான் பிறந்தது மதுரைப் பக்கம். எங்களுக்கு ஊருக்கும் இனிஷியல் உண்டு. தே.கல்லுப்பட்டி, எம்.கல்லுப்பட்டி, ஜி.கல்லுப்பட்டி. கல்யாணம் ஆகி இங்கே வந்த புதிதில் வீட்டுக்காரர் சொந்தங்கள் என் ஊர் பெயரை மட்டும் பத்திரிகையில் போட்டு, அப்பா வழி ஆட்கள் அரைப் பேர் வேறு ஊருக்குப் போய் நின்றார்கள். நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கடிதங்களை முதலில் போட்டோ எடுத்து வையுங்கள், மழை வரப் போகிறது.

வியாசர்பாடி தம்பி:

அக்கா, நான் தம்போவ் நகரத்தில் ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே 450 கிலோமீட்டருக்கு மேல். நீங்கள் எழுதிய சர்க்கரைக்கிழங்கு லாரியும் சேறும் படித்தவுடன் அந்த ரோடு கண் முன்னால் வந்துவிட்டது. அங்கே கரிசல் மண். நம் கோவில்பட்டிக் கரிசலைவிடக் கறுப்பு. மழை பெய்தால் செருப்பு கையோடு வந்துவிடும்.

முதலில் பெயர் விஷயம். ரஷ்யக் கிராமப் பெயர்கள் நாலைந்து வழியில்தான் உண்டாகியிருக்கின்றன, அதனால்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நிலக்கிழார் தன் பெயரையோ மகன் பெயரையோ வைப்பார். புல்வெளிப் பக்கம் புது நிலத்தில் குடியானவர்களைக் கொண்டுபோய் அமர்த்திய 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இப்படி நிறைய. அலெக்சாந்தர் வைத்தால் அலெக்சாந்த்ரோவ்கா, இவான் வைத்தால் இவானோவ்கா, மிகயீல் வைத்தால் மிகைலோவ்கா. அலெக்சாந்தர் என்று மூன்று ஜார் மன்னர்கள் வேறு இருந்தார்கள், பண்ணையடிமை முறையை 1861-ல் ஒழித்தவர் அவர்களில் இரண்டாமவர். அடுத்தது தேவாலயத்தை வைத்து வருவது. புனித நிக்கொலாய் பெயரில் கோயில் இருந்தால் நிக்கோல்ஸ்கோயே, திரித்துவத்தின் பெயரில் இருந்தால் த்ரோய்த்ஸ்கோயே. மாரியம்மன் கோயில் தெரு நம் ஊரில் எத்தனை இருக்கிறதோ அத்தனை. மரத்தை வைத்து வருவது பெரியோஸோவ்கா (பிர்ச் மரம்), சோஸ்னோவ்கா (பைன்). சோவியத் காலத்தில் மே தினம், அக்டோபர், சிவப்பு என்று ஒரு வரிசை வந்தது. நம் காமராஜ் நகர், நேரு நகர், அண்ணா நகர் மாதிரி.

பிரித்துச் சொல்வது எப்படி என்றால், பெரிய, சின்ன, மேல, கீழ, பழைய, புது என்று முன்னொட்டுப் போடுவார்கள். ஒன்றாவது, இரண்டாவது என்று எண்ணும் போடுவது உண்டு. சில இடத்தில் பழைய நிலக்கிழார் குடும்பப் பெயரைப் பின்னால் ஒட்டுவார்கள். எழுத்தாளர் துர்கேனெவின் ஊர் ஸ்பாஸ்கோயே-லுத்தோவினவோ, அதில் லுத்தோவினவ் என்பது அவர் அம்மா வழிக் குடும்பப் பெயர். ஒரே பெயரால் காரியம் கெடுகிறது என்றால் ஊர் பெயரை மாற்றிக்கொள்ள 1997-ல் வந்த சட்டத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் எல்லோரும் சொல்வது மாவட்டத்தைத்தான். என் வகுப்புத் தோழனின் பாட்டி ஊருக்கு ஒருமுறை போனேன், அது ஒரு மிகைலோவ்கா. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அம்மா தலையைக்கூடத் தூக்காமல் "எந்த மாவட்டம்?" என்றார். ஊருக்குள் நுழையும்போது வெள்ளைப் பலகையில் பெயர் எழுதியிருக்கும். ஊர் முடியும் இடத்தில் அதே பெயரின் மேல் சிவப்புக் கோடு அடித்திருக்கும், ஊர் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். முதல் தடவை பார்த்தபோது அந்த ஊரையே யாரோ அடித்துவிட்ட மாதிரி எனக்கு என்னவோ போல் இருந்தது.

இப்போது உங்கள் உறை. இரண்டு கேள்வி.

ஒன்று, ஊர் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து பிறை மாதிரி இருக்கிறதா, இல்லை கால் முளைத்த வீடு மாதிரி இருக்கிறதா? பிறை என்றால் "செலோ", வீடு என்றால் "தெரேவ்னியா". இரண்டும் கிராமம்தான், ஆனால் பழைய வழக்கப்படி தேவாலயம் உள்ள கிராமம் செலோ.

இரண்டு, உறையின் இடப்பக்கம் கீழே ஆறு எண்கள் கோடுகோடாக, முறுக்கிய கம்பி மாதிரி எழுதியிருக்க வேண்டும். இயந்திரம் படிப்பதற்காகப் புள்ளிகளின் மேல் எழுதுவது. அவை ஒவ்வொன்றும் என்ன வடிவம் என்று அப்படியே எழுதுங்கள்.

எர்ணாவூர் மகள்:

ஐயா, தம்பி, தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாவின் பெயர் இருப்பதால் உறையின் படத்தை இங்கே போடவில்லை.

ஊர் பெயருக்கு முன்னால் பிறை. சந்தேகமே இல்லை. தானிய மூட்டை வைத்த தேவாலயம் பற்றி அவர் எழுதியது இப்போது பொருந்துகிறது.

ஐயா சொன்ன வாசல் நிலையும் வட்டமும் எங்கும் இல்லை.

கீழே இருக்கும் கம்பி எண்கள்: முதலாவது மின்னல் மாதிரி. இரண்டாவது மேலே ஒரு பெட்டி, அதிலிருந்து சாய்வாக ஒரு வால். மூன்றாவது மறுபடி மின்னல். நான்காவதில் மேல் பாதி கறை, கீழ் பாதியில் வலது பக்கம் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. ஐந்தும் ஆறும் இல்லை, அங்கே காகிதமே இல்லை.

இன்னொன்று. ஊர் பெயர் வரிக்கு மேல் உள்ள வரியில் முதலில் 3 என்று ஒரு எண் இருக்கிறது. அதன் பின்னால் எல்லாம் கறை. வீட்டு எண் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது எதற்காவது உதவுமா?

வியாசர்பாடி தம்பி:

அக்கா! அது எண் இல்லை, எழுத்து. ரஷ்யத்தில் "ஸ" ஒலிக்கு உள்ள எழுத்து அச்சு அசல் 3 மாதிரியே இருக்கும். ஊருக்கு மேல் வரி மாவட்டம். ஆக "ஸ"வில் தொடங்கும் மாவட்டம்.

மின்னல் என்பது 3. பெட்டியும் வாலும் 9. அப்புறம் மறுபடி 3. 393 என்றால் தம்போவ் மாகாணம். நான் படித்த அதே தம்போவ். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

நான்காவது எண்ணில் கீழே வலப்பக்கம் நேர்கோடு மட்டும் என்றால் 1 அல்லது 4. 3931 என்று தொடங்குவது கோத்தோவ்ஸ்க் பக்கம். 3934 என்பது ஸ்னாமென்கா பக்கம். தம்போவ் மாகாணத்தில் அந்த 3 மாதிரி எழுத்தில் தொடங்கும் மாவட்டம் ஒன்றே ஒன்றுதான், ஸ்னாமென்ஸ்கி. தலைநகர் ஸ்னாமென்கா. தம்போவ் நகரத்துக்குத் தெற்கே. ஆக நான்காவது எண் 4. அந்த மாவட்டத்தில் அலெக்சாந்த்ரோவ்கா என்று ஒரு செலோ இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களுக்கு நிர்வாக மையமாக இருந்தது, அதன் பெயரிலேயே ஊராட்சி இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் தபாலாபீஸ் இருக்கும், ஆர்.எம்.எஸ். ஐயா சொன்னதும் சரியாக வருகிறது. ஸ்னாமென்காவில் சர்க்கரை ஆலையும் உண்டு.

சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. 2010 கணக்கெடுப்பில் ரஷ்யா முழுக்க 1,53,124 கிராமங்கள், அதில் 19,416 ஊர்களில் ஒரு ஆள்கூட இல்லை. 60, 70-களில் "எதிர்காலம் இல்லாத கிராமம்" என்று பட்டியல் போட்டு, சின்ன ஊர்களில் பள்ளியையும் கடையையும் மூடி, ஆட்களைப் பெரிய ஊருக்கு நகர்த்தினார்கள். அதன் பிறகு பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். ஆனால் உங்கள் ஊர் அந்தச் சின்ன வகை இல்லை. 80-களில் பள்ளியும் ஆங்கில ஆசிரியையும் இருந்த ஊர்.

நேராகக் கடிதம் போடுவதற்கு முன் ஓட்னோக்ளாஸ்னிகி என்ற தளத்தில் தேடுங்கள். "வகுப்புத் தோழர்கள்" என்று அர்த்தம். அங்கே வயதானவர்கள் எல்லோரும் அதில்தான் இருப்பார்கள், ஊருக்கு ஒரு குழு, பள்ளிக்கு ஒரு குழு வைத்திருப்பார்கள். ஊர் பெயரோடு மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி நூறு வரும். ரஷ்யத்தில் எழுத நான் உதவுகிறேன். ஞாயிறு மதியம் எர்ணாவூர் வரட்டுமா?

தண்டையார்பேட்டை ஆர்.எம்.எஸ். (ஓய்வு):

தம்பி, பிரமாதம். அங்கே முழு முகவரி இல்லாமல் போடும் கடிதத்துக்கு "கிராமத்துக்கு, தாத்தாவுக்கு" என்று ஒரு சொலவடை இருப்பதாக அந்த நண்பர் சொல்வார். ஊர் பெயரே இல்லாத முகவரி. நம் அம்மாவிடம் இப்போது மாகாணம், மாவட்டம், ஊர், ஆள் பெயர் நான்கும் இருக்கிறது. 31 வருடத்தில் இதைவிடக் குறைவான விவரத்தோடு வந்ததையெல்லாம் கொண்டு சேர்த்திருக்கிறோம். கடைசி இரண்டு எண்ணை மட்டும் ஊகித்து எழுத வேண்டாம் அம்மா. தப்பான எண் எழுதினால் கடிதம் அந்த எண்ணின் பின்னால்தான் போகும். தம்பி அந்த ஊர் அஞ்சலகத்தின் எண்ணைப் பார்த்துச் சொல்லட்டும்.

எர்ணாவூர் மகள்:

ஞாயிறு தம்பி வந்தார். அம்மா வஞ்சிரம் குழம்பு வைத்தார். உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்த 3-ஐத் தம்பி வாய்விட்டு "ஸ்ஸ" என்று சொல்லிக் காட்டினார். அம்மாவும் கூடவே சொல்லிப் பார்த்தார்.

அந்த ஊர்க் குழுவில் ஒரு பதிவு போட்டிருக்கிறோம். ஆசிரியையின் பெயர், 1983 முதல் 1991 வரை, மதராஸ், கிரேன் ஓட்டுநர் என்று எழுதி, கொக்கு பற்றிக் கேட்ட பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். கூடவே அப்பாவின் படம் ஒன்று, கிரேன் கூண்டில் உட்கார்ந்திருப்பது.

நாளைக்குக் கடிதமும் போய்விடும். தம்பி பள்ளி முகவரிக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முகவரியை அவர் இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார், மேலே ரஷ்யத்தில், கீழே நாட்டின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில். ஸ்னாமென்ஸ்கி என்பதை நானே எழுதினேன். கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது என்றார்.